மரப் பெயர்ப்பலகைக்குத் தமிழ் எழுத்து ஸ்டென்சில்: வரைவது முதல் வண்ணம் ஒற்றுவது வரை முழு வழிகாட்டி

பழைய மரப்பலகையில் கையால் தீட்டிய வீட்டுப் பெயர் வேண்டும், ஆனால் பிரஷ் பிடித்து எழுதிக் கை பழகவில்லை என்றால் ஸ்டென்சில், அதாவது எழுத்தின் வடிவில் ஓட்டை வெட்டிய தகடுதான் வழி. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்கானவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் தமிழில் இடறும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26-இல் உள்ளே அடைபட்ட வெளி, அதாவது வெட்டும்போது கழன்று விழும் பகுதி, இருப்பவை 7 மட்டுமே. தமிழிலோ இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று எழுத்தின் பெயரிலேயே சுழி இருக்கிறது. அந்தச் சுழிகளை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் தமிழ் ஸ்டென்சிலின் வெற்றி இருக்கிறது. மற்றதெல்லாம் பொறுமை.

விளக்கத்துக்கு 'மாமரத்து வீடு' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பலகை 60 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம்.

எழுத்தின் அளவும் எழுத்துருவும்

தமிழ் எழுத்துகள் அகலமானவை. ம, த போன்ற எழுத்துகளின் உடல் உயரம் 5 செ.மீ. என்று வைத்தால், இந்தப் பெயர் ஏறக்குறைய 44 முதல் 46 செ.மீ. நீளம் ஓடும். இருபுறமும் 7 செ.மீ. விளிம்பு மிஞ்சும், அது போதும். உயரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 'வீ'யின் தலைச்சுழி உடலுக்கு மேலே எழும்பும், 'து' கீழே இறங்கும். ஆக 5 செ.மீ. எழுத்துக்கு மொத்தம் 8 முதல் 9 செ.மீ. உயரம் தேவை. 10 செ.மீ. அகலப் பலகையில் இந்தப் பெயர் மூச்சு முட்டும்.

எழுத்துருவில் கோட்டின் கனம் சீராக இருக்க வேண்டும். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் முக்த மலர், பாலு தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை ஸ்டென்சிலுக்கு ஒத்துவரும். தடித்த வகையை எடுங்கள். 5 செ.மீ. எழுத்தில் கோடு 8 அல்லது 9 மி.மீ. கனம் இருந்தால் வெட்டவும் எளிது, ஒற்றவும் எளிது. 4 மி.மீ.-க்குக் குறைந்தால் பிரஷின் நுனி ஓட்டைக்குள் சரியாக இறங்காது. தடிமனும் மெலிவும் மாறி மாறி வரும் புத்தக எழுத்துருக்களை இதற்குத் தொடாதீர்கள்.

லிப்ரே ஆபிஸ் டிரா, இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்தின் வெளிக்கோடு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் ஓரத்தில் சரியாக 10 செ.மீ. நீளக் கோடு ஒன்றையும் சேர்த்து வரையுங்கள். பிரிண்ட் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்துவிட்டால் எல்லாம் சற்றுச் சுருங்கி வரும், கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கோட்டில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். 'மாமரத்து' ஏ3 தாளில் அடங்கும், 'வீடு' ஏ4 தாளில் அடங்கும். இரண்டையும் தனித்தனி ஸ்டென்சிலாக வைப்பது நல்லது. நீளமான ஒரே தகடு கையாளும்போது மடங்கும்.

தீவு, நாக்கு, பாலம்

அச்சிட்ட தாளில் எழுத்தின் கோடுகளைப் பென்சிலால் முழுக்க நிரப்புங்கள். நிரப்பிய இடமெல்லாம் வெட்டி எடுக்கப்படும் இடம். இப்போது தாளின் வெளி ஓரத்தில் விரலை வைத்து, நிரப்பிய இடத்தைத் தொடாமல் வெள்ளைப் பகுதிகளுக்குள் போய்ப் பாருங்கள். விரல் போக முடியாத ஒவ்வொரு வெள்ளைத் துண்டும் ஒரு தீவு. வெட்டியதும் அது கழன்று விழும். ம-வின் வலப்பக்க வயிறு, க, ச, த ஆகியவற்றின் இடப்பக்க வயிறு, 'வீ'யின் தலைச்சுழி, ெ, ை போன்ற கொம்புகளின் சுழி எல்லாம் பெரும்பாலான எழுத்துருக்களில் தீவுகளே. ட, ப, ய, ர, ா ஆகியவற்றில் தீவு இல்லை.

தீவை வெளியோடு இணைக்க, எழுத்தின் கோட்டுக்குக் குறுக்கே வெட்டாமல் விடும் துண்டுதான் பாலம். வாசலில் கோலப்பொடி தூவும் ஓட்டைத் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். கோடு அங்கே புள்ளி வரிசையாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்: முழுக் கோடாக வெட்டினால் நடுவில் உள்ளது விழுந்துவிடும்.

பாலத்தின் அகலம் இந்த அளவு எழுத்துக்கு 2.5 முதல் 3 மி.மீ. 2-க்குக் குறைந்தால் முதல் முறை தகட்டைத் தூக்கும்போதே கிழியும். 4-ஐத் தாண்டினால் எழுத்து துண்டுபட்டுத் தெரியும். ம-வின் வயிறு போன்ற பெரிய தீவுக்கு இரண்டு பாலங்கள் வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே நேர்கோட்டில். ஒரே பாலத்தில் தொங்கும் பெரிய தீவு ஊஞ்சல்போல ஆடும், அதன் அடியில் வண்ணம் புகும். சிறு சுழிக்கு ஒரு பாலம் போதும். அதைச் சுழியின் கோடு தண்டோடு சேரும் இடத்தில் வையுங்கள், அங்கே இடைவெளி கண்ணை உறுத்தாது. வளைவின் உச்சியில் வைத்தால் சுழியே உடைந்ததுபோல இருக்கும். பெயர் முழுவதும் பாலங்கள் ஒரே திசையில், எல்லாம் செங்குத்தாகவோ எல்லாம் ஒரே சாய்விலோ இருக்கட்டும். அப்படி இருந்தால் அது ஓர் அழகாகவே நிற்கும்.

தீவைத் தேடும் மும்முரத்தில் நாக்கை மறந்துவிடுகிறார்கள். ப-வின் உட்புறம் மேலே திறந்திருக்கிறது, எனவே விழாது. ஆனால் மூன்று பக்கம் வெட்டுப்பட்டு ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும் நாக்கு அது. பிரஷ் பட்டதும் மேலெழும். ம-வின் இடப்பாதி, ா, ர ஆகியவற்றிலும் இதே கதை. நாக்கின் நீளம் 3 செ.மீ.-ஐத் தாண்டினால் அதன் நுனிக்கும் ஒரு பாலம் கொடுங்கள்.

மெய்யெழுத்தின் புள்ளிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அது வெறும் ஓட்டைதான். ஓலையில் எழுதியவர்கள் ஏடு கிழியும் என்று பல இடங்களில் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். ஸ்டென்சிலில் ஆக எளிதான வேலை அதுவாக இருக்கிறது. தோல் வேலைக்கான 10 மி.மீ. பஞ்ச் ஒன்றை மரக்கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் குறையில்லாத வட்டம் கிடைக்கும். கத்தியால் வட்டம் வெட்ட முயல வேண்டாம்.

எந்தத் தகடு

ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) 100 மைக்ரான். ஒரு பலகைக்குத் தாங்கும், அதற்குமேல் நாக்குகள் சுருண்டுவிடும். ஸ்பைரல் பைண்டிங் கடையில் மேலட்டைக்குப் போடும் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் இதைவிட நல்லது. எல்லாவற்றிலும் சிறந்தது பழைய எக்ஸ்ரே ஃபிலிம். அதன் பாலியெஸ்டர் அடித்தளம் சுமார் 175 மைக்ரான், எளிதில் கிழியாது, தண்ணீரில் ஊறாது. 35-க்கு 43 செ.மீ. அளவுள்ள மார்பு எக்ஸ்ரே ஒன்றில் 'மாமரத்து' முழுதாக அடங்கும். ப்ளீச்சில் ஊறவைத்துக் கறுப்பை நீக்கச் சொல்வார்கள். தேவையில்லை. அச்சிட்ட தாளை மேலே ஒட்டித்தானே வெட்டப் போகிறோம்? மேலும் அந்தக் கறுப்பு வெள்ளி கலந்தது. கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது. ஃபிலிமில் நோயாளியின் பெயர் இருக்கும் ஓரத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிடுங்கள்.

சாதாரண சார்ட் அட்டை வேண்டாம். இரண்டாவது ஒற்றிலேயே ஈரம் குடித்து விளிம்பு ஊதிவிடும். அட்டைதான் இருக்கிறது என்றால், வெட்டும் முன் இருபுறமும் அகலமான செல்லோ டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுவது

மருந்துக் கடையில் கிடைக்கும் 11-ஆம் எண் சர்ஜிகல் பிளேடும், அது பொருந்தும் 3-ஆம் எண் கைப்பிடியும் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். கூர்மையான நுனி சுழிக்குள் திரும்பும். கடைகளில் விற்கும் ஒடித்துப் போடும் 9 மி.மீ. கத்தி நேர்கோடுகளுக்குச் சரி, சுழிக்கு ஆகாது. அடியில் வெட்டுப்பாய், அல்லது ஓரங்களில் டேப் சுற்றிய 5 மி.மீ. கண்ணாடி. கண்ணாடியில் வெட்டு சுத்தமாக விழும், பிளேடு சீக்கிரம் மழுங்கும். மூன்று நான்கு எழுத்துக்கு ஒரு பிளேடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிளேடைத் தடித்த காகிதத்தில் சுற்றி டேப் ஒட்டித்தான் குப்பையில் போட வேண்டும்.

அச்சிட்ட தாளை நான்கு புறமும் டேப்பால் ஃபிலிமோடு இறுக்குங்கள். எழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 4 செ.மீ. ஃபிலிம் மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் பிரஷ் ஓரம் தாண்டிப் பலகையில் கறை படும். வெட்டும் வரிசை முக்கியம்: முதலில் புள்ளிகள், அடுத்து சிறு சுழிகளைச் சுற்றிய வெட்டுகள், பிறகு வயிறுகள், கடைசியில் நீண்ட தண்டுகள். பெரியதை முதலில் வெட்டினால் தகடு தளர்ந்துவிடும், பிறகு சுழியை வெட்டும்போது அது கத்தியோடு இழுபடும்.

கத்தியை உங்களை நோக்கி இழுங்கள், இன்னொரு கையின் விரல்கள் அந்தப் பாதையில் இல்லாதபடி. வளைவு வரும்போது கை திரும்ப வேண்டாம், தகட்டைத் திருப்புங்கள். ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காமல், முதல் இழுப்பில் கீறி, இரண்டாவதில் அறுங்கள். மூலைகளில் எப்போதும் மூலையில் குத்தி வெளியே இழுக்க வேண்டும். மூலையை நோக்கி வந்தால் அரை மில்லிமீட்டர் தாண்டிப் போகும், அந்தக் கீறல்தான் பிறகு பாலத்தைக் கிழிக்கும். பாலம் அறுந்தால் பதற வேண்டாம். இருபுறமும் செல்லோ டேப்பை ஒட்டி, அந்த இடத்தை மட்டும் மறுபடி வெட்டினால் முன்னைவிட உறுதியாகவே இருக்கும்.

முடிந்ததும் பின்புறத்தை 400 உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வெட்டு விளிம்பில் எழும்பிய பிசிறு நீங்கினால்தான் தகடு மரத்தில் படியும். முன்புறத்தில் மார்க்கரால் 'மேல்' என்று எழுதிவையுங்கள். கூடவே, எழுத்தின் உடல் நிற்கும் அடிக்கோட்டைத் தகட்டின் இரு ஓரம்வரை நீட்டிக் கீறிவிடுங்கள். பலகையில் பொருத்தும்போது அதுதான் கை கொடுக்கும்.

ரேடியம் கட்டிங் கடை என்னும் மாற்று வழி

வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் வினைல் ஸ்டென்சில் வெட்டித் தருவார்கள். ஒட்டும் தன்மை இருப்பதால் தீவுகள் தாமாகவே நிற்கும், பாலமே வேண்டாம். எழுத்தை எடுத்துவிட்டுச் சுற்றுப்புறத்தையும் தீவுகளையும் விட்டுவைத்து, மேலே மாற்று டேப் (வினைலைக் குலையாமல் எடுத்துப் பலகைக்கு மாற்ற உதவும் டேப்) ஒட்டித் தரச் சொல்லுங்கள். கோப்பைக் கொடுக்கும் முன் மென்பொருளில் எழுத்துகளைப் பாதையாக (பாத்) மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வடிவங்களை ஒரே வடிவமாக இணையுங்கள், அதாவது யூனியன் செய்யுங்கள். பல எழுத்துருக்களில் உயிர்மெய்க் குறி தனி வடிவமாக எழுத்தின்மேல் ஏறி நிற்கும். யூனியன் செய்யாவிட்டால் இயந்திரம் அந்தக் குறுக்குக் கோட்டையும் வெட்டிவிடும்.

வினைலின் குறை இரண்டு. ஒரு முறைதான் பயன்படும். கம்பி பிரஷ் போட்ட சொரசொரப்பான பலகையில் சரியாக ஒட்டாது. இழைத்த பலகைக்கு வினைல், கரடுமுரடான பலகைக்கு ஃபிலிம் என்று பிரித்துக்கொண்டால் தவறாது.

பலகையைத் தயார் செய்வது

பழைய கதவு, ஜன்னல் பலகைகளில் இருக்கும் பெயிண்டைச் சும்மா தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்-க்குக் கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். தூசி பறக்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகள் அருகில் கூடாது. சரக்கு அடுக்கும் பேலட்டிலிருந்து எடுத்த கட்டையானால் கோதுமைக் கதிர் முத்திரையின் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். 'HT' என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'MB' என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, வேண்டாம்.

ஆணிகளைப் பிடுங்கி, கம்பி பிரஷால் மர ரேகையின் திசையிலேயே தேயுங்கள். பிறகு 80, அடுத்து 120 உப்புத்தாள். அதற்குமேல் வழவழப்பாக்கினால் பழமை போய்விடும். எழுத்து வரும் நடுப்பகுதியை மட்டும் மற்ற இடத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேய்த்துவிடுங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, ஸ்டென்சிலுக்குத் தெரியும்.

பலகைக்குச் சாம்பல் பூத்த நிறம் வேண்டுமென்றால், துருப்பிடித்த இரும்பு ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறவைத்து எடுத்த நீரைத் தடவுங்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருக்கும். துவர்ப்புக் குறைந்த பைன் கட்டைக்கு முதலில் கடுந்தேநீர் ஒரு கோட் பூசிக் காயவிட வேண்டும். எவர்சில்வர் ஸ்கிரப்பரை ஊறவைத்தால் எதுவும் நடக்காது, இரும்பு தேவை.

நிறம் காய்ந்தபின் தச்சர்கள் அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் ஒரு மெல்லிய கோட். இதை விட்டுவிடாதீர்கள். மரத்தின் துளைகளை அது அடைக்கிறது, அதனால் வண்ணம் ரேகை வழியே ஓடாது. பழைய மரத்தின் பழுப்பு, வெள்ளை எழுத்துக்குள் ஊறி மஞ்சளாவதையும் அது தடுக்கிறது.

பொருத்துவது

பலகையில் அடிக்கோட்டுக்குச் சாக்பீஸ் பொடி தடவிய நூல் அடித்துக்கொள்ளுங்கள். நடுப்படுத்தும்போது மேலே எழும்பும் சுழியையும் கீழே இறங்கும் காலையும் கணக்கில் எடுக்காமல், எழுத்துகளின் உடல் பட்டையைப் பலகையின் நடுவில் வையுங்கள். உச்சி முதல் அடிவரை அளந்து நடுப்படுத்தினால், ஒற்றைச் சுழியோ ஒற்றைக் காலோ மொத்தப் பெயரையும் ஒரு பக்கம் தள்ளிவிடும்.

தகட்டின் பின்புறத்தில், எடுத்து மறுபடி ஒட்டக்கூடிய ஸ்பிரே பசையை 30 செ.மீ. தள்ளி நின்று ஒரே வீச்சில் தெளித்து, இரண்டு நிமிடம் கழித்து ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் பசை மரத்தில் தங்கிவிடும். ஸ்பிரே இல்லையென்றால் இரட்டைப்பக்க டேப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வேட்டித் துணியில் இரண்டு மூன்று முறை ஒற்றிப் பிசுக்கைக் குறைத்து, தீவுகளின் அடியிலும் நாக்குகளின் நுனியிலும் வையுங்கள். வெளி ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப்.

வண்ணம் ஒற்றுவது

வெளிப்புறச் சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் போதும், தண்ணீர் சேர்க்கவே கூடாது. எனாமல் பெயிண்ட் கைவேலைக்கு நல்லது, ஆனால் ஸ்டென்சிலில் ஒழுகிப் பரவும். அளவைப் பொறுத்தவரை இந்தப் பெயருக்கு 20 மி.லி. தாராளம். பாதிக்குமேல் பிரஷிலேயே தங்கும்.

தட்டையான நுனியுள்ள ஸ்டென்சில் பிரஷ் கிடைக்காவிட்டால், அரை அங்குலப் பன்றிமுடி பிரஷை டேப்பால் சுற்றி 1 செ.மீ. முடி மட்டும் வெளியே நிற்கும்படி நறுக்கிக்கொள்ளுங்கள். வண்ணத்தில் நுனியை மட்டும் தொட்டு, ஒரு அட்டையில் தட்டித் தட்டி எடுங்கள். அட்டையில் ஈரப் பளபளப்பு இல்லாமல் புள்ளி புள்ளியாக விழும்போதுதான் பிரஷ் தயார். 'இதில் வண்ணமே இல்லையே' என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. எழுத்து பரவிவிட்டது என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் ஸ்டென்சில் அல்ல, பிரஷில் மிஞ்சிய வண்ணம்தான்.

பிரஷை நிமிர்த்திப் பிடித்து மேலும் கீழுமாக ஒற்றுங்கள். இழுத்தால் விளிம்பின் அடியில் புகும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். நாக்கு எழும்பினால் பல்குச்சியால் அழுத்திக்கொள்ளுங்கள். மெல்லிய மூன்று கோட்டுகள், இடையில் 10 முதல் 15 நிமிடம், ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் அதன் இரு மடங்கு. கோடையில் வண்ணம் பிரஷிலேயே உறையும். அதற்காகப் பிரஷைத் தண்ணீரில் தொடாமல், ஈரத்துணியில் நுனியைத் துடைத்து வேலையைத் தொடருங்கள்.

வினைல் ஒட்டியிருந்தால் ஒரு படி கூடுதல்: எழுத்து நிறத்துக்கு முன் தண்ணீரில் கரையும் தெளிவான வார்னிஷை விளிம்புகளில் ஒரு கோட் ஒற்றிக் காயவிடுங்கள். கசியும் இடமெல்லாம் நிறமில்லாமலே கசிந்து அடைபட்டுவிடும். மேலே வரும் வண்ணம் கத்தி வைத்ததுபோல நிற்கும்.

கடைசிப் பூச்சின் பளபளப்பு மங்கியதும், முழுக்கக் காயும் முன், தகட்டை ஒரு மூலையிலிருந்து தாழ்வாக மடக்கி உரியுங்கள். முழுக்கக் காய்ந்தபின் எடுத்தால் வண்ணம் தோலாக உரிந்துவரும். ஓரத்தில் கசிந்திருந்தால் ஈரமாக இருக்கும்போதே நனைத்த காது பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். காய்ந்துவிட்டால் பிளேடு நுனியால் ரேகையின் திசையில் சுரண்டுங்கள்.

பாலம் விட்ட இடைவெளிகளை 2-ஆம் எண் உருண்டைப் பிரஷால் நிரப்பலாம், நிரப்பாமலும் விடலாம். பழைய தோற்றப் பலகைக்கு இடைவெளி பொருந்தும். ஆனால் சுழியை ஒட்டிய இடைவெளியால் ஒரு எழுத்து இன்னொன்றாகப் படிக்கப்படும் என்றால் அதைக் கட்டாயம் நிரப்புங்கள். பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

பழமையாக்குவதும் காப்பதும்

ஒரு முழு நாள் காயட்டும். பிறகு 120 உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, ரேகையின் திசையில் லேசாக ஓட்டுங்கள். மேடான ரேகைகளிலும் எழுத்தின் அகலமான தண்டுகளிலும் தேயட்டும். சுழிகள் பக்கம் போகாதீர்கள், தேய்ந்த சுழி எழுத்தையே மாற்றிவிடும். பழமை வேண்டும் என்பதற்காக ஒற்றும்போதே அலட்சியமாக இருந்தால் அழுக்காகத்தான் தெரியும். கூர்மையாக எழுதித் தேய்த்ததுதான் காலம் தேய்த்ததுபோல இருக்கும்.

மேலே பளபளப்பில்லாத, தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் இரண்டு கோட். வெளியில் மாட்டுவதானால் மூன்று. எண்ணெய் வார்னிஷ் வெள்ளை எழுத்தை மஞ்சளாக்கும். பலகையின் இரு வெட்டு முனைகளிலும் பின்புறத்திலும் பூச மறக்காதீர்கள், மழைநீர் முதலில் ஏறுவது முனை வழியாகத்தான். மாட்டும் திருகுக்கு முன்கூட்டியே 3 மி.மீ. துளை போட்டு, பித்தளை அல்லது எவர்சில்வர் திருகு போடுங்கள். இரும்புத் திருகின் துரு ஒரே மழைக்காலத்தில் எழுத்தின்மேல் வழிந்துவிடும்.

ஸ்டென்சிலை எடுத்த கையோடு தட்டையாக வைத்துத் தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் வண்ணம் தோலாகக் கழன்றுவரும். நகத்தால் சுரண்டினால் முதலில் போவது பாலங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே படுக்கைவாக்கில் வைத்திருந்தால், அடுத்த பலகைக்கும் அதே தகடு உதவும்.